மெல்பர்னில் எது ஆடிப்பட்டம்?

கேள்வி: திருமணமாகி மெல்பர்ன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று அம்மா சொன்னதால் ஜூலை கடைசியில் வெண்டை, கத்தரி, அவரை மூன்றையும் தோட்டத்தில் விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் வெண்டை விதை கூழாகக் கிடக்கிறது. விதை பழசா, மண் சரியில்லையா?

பதில்: விதை, மண் இரண்டையும் சந்தேகப்பட வேண்டாம். மெல்பர்னில் வருடத்திலேயே குளிரான மாதம் ஜூலை. பகலிலேயே சராசரியாக 14 டிகிரி வாக்கில்தான் இருக்கும். வெண்டை ஒழுங்காக முளைக்க மண்ணில் 20 டிகிரி சூடாவது வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் விதை ஊறும், முளைக்காது, அழுகிவிடும். கூழானது அப்படித்தான்.

அம்மா சொன்னதும் சரிதான். நம் ஊரில் ஆடியில் மண்ணில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. பயிருக்கு வேண்டியது தண்ணீர். பின்னாலேயே ஐப்பசி மழை வரும் என்று கணக்குப் போட்டு வைத்த பட்டம் அது. மெல்பர்னில் மழை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யும். அங்கே பார்க்க வேண்டியது மண் சூட்டை. உள்ளூர்க்காரர்கள் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தை, அதாவது நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமையை, ஒட்டித் தக்காளி நாற்று நடுவார்கள். உங்களுக்கும் அதுதான் பட்டம். கத்தரி விதையை இப்போதே வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் தட்டில் போட்டு வையுங்கள், அதற்குள் நாற்றாகிவிடும். வெண்டையை நவம்பரில் நேராக மண்ணில் ஊன்றலாம்.

அவரைதான் வம்பு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். ஊரில் ஆடியில் போட்டது மார்கழி, தையில் காய்த்துக் கொட்டுவது அதனால்தான். நீங்கள் நவம்பரில் போட்டால் கோடை முழுக்கக் கொடியாகவே ஓடி, பூவெடுக்க மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். காய் திரள்வதற்குள் குளிர் வந்துவிடும். பந்தல் இல்லாமல் செடியாகவே நிற்கும், பகல் குறுகக் காத்திருக்காத குத்தவரை விதை அங்கேயே கிடைத்தால் அதைப் போடுங்கள். ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துச் சொல்லாமல் கொண்டுபோக மட்டும் நினைக்காதீர்கள், விமான நிலையத்தில் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

ஆறு மாதம் தள்ளிப் போட்டால் கணக்கு சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். டார்வினும் ஆஸ்திரேலியாதான், அங்கே நவம்பர் முதல் அடைமழை, தக்காளி வைப்பது மே மாத வாக்கில்! அதனால் யோசனை சொல்பவர் எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், தொட்டிகளை வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். அங்கே வெயில் வடக்கிலிருந்துதான் விழும்.

காலியாகக் கிடக்கும் பாத்தியில் இப்போதே பட்டாணி, முள்ளங்கி, கொத்தமல்லி போடலாம். கொத்தமல்லியைத் தள்ளிப்போடாதீர்கள், வெயில் ஏறினால் கீரையாகப் பறிப்பதற்குள் பூத்துவிடும்.