மோட்டரை ஆர் போட்டது?

அன்பின் ஐயா,

மனித வாழ்வின் சமநிலை பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நெரிசலுக்குள் கடந்த சனங்களில் நானும் ஒருவன். அந்த வருசம் எனக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதினை. படிப்பு அத்தோடு போயிற்று. மகன் கேட்டால் சண்டையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கடை நட்டப்பட்டதற்கும் அதையேதான் சொல்கிறேன். மனைவி சிரிக்கிறா. இதில் எவ்வளவு என் பொறுப்பு?

ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள நண்பருக்கு,

1995ஐ உங்கள் கணக்கில் எழுதச் சொல்லமாட்டேன். ‘எல்லாம் எங்கள் மனதில்தான் இருக்கு’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் எத்தனை பேர் அந்தப் பாலத்தைக் கடந்தார்கள்?

கோண்டாவில்காரருக்குக் கிணற்றை வைத்துச் சொன்னால் விளங்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புத்தண்ணீர். நிலாவரையில் மட்டும் என்றில்லை. வற்றாத ஆறில்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாங்கள் குடிப்பது, சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கடல்நீருக்கு மேலே மிதக்கிற மாரிமழையைத்தான். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அது அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரைப் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால் அடியில் உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பாருங்கள்.

துலா மிதித்த காலத்தில் ஆளுக்குக் கால் ஓய்ந்தால் இறைப்பும் ஓய்ந்தது. மோட்டருக்குக் கால் இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் திண்ணையில் கதைப்புத்தகத்தோடு கிடந்த நாட்கள் எத்தனையோ. ஒரு கோடையில் வீட்டுத் தேத்தண்ணி சவர்த்தது. “பக்கத்துத் தோட்டத்தில ராப்பகலா இறைக்கிறாங்கள்” என்றேன். பொய்யில்லை; நிலத்துக்கடியில் வேலி கிடையாது, அவர்கள் இறைத்தால் எங்கள் கிணறும்தான் சவர்க்கும். அம்மா தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றிவிட்டுக் கேட்டா: “ஓம், அவங்கள் இறைக்கிறாங்கள்தான். எங்கட மோட்டரை ஆர் போட்டது?”

அடியில் கிடக்கிற உப்பை நீங்கள் கொண்டுவந்து கொட்டவில்லை. உங்கள் ஓ.எல். அந்த உப்போடு சேர்ந்தது. 1996இல் ஊருக்கு, வலிகாமத்துக்கு, திரும்பிய பிறகு எழுதியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வராது. அன்றைக்கு உங்கள் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று எனக்குத் தெரியாது.

கடை வேறு. 1995 எப்படி இத்தனை வருடம் கழித்து வந்து கடையைப் பூட்டியது? என்ன விற்றீர்கள், யாருக்குக் கடன் கொடுத்தீர்கள், கொப்பியில் எழுதினீர்களா, ஒன்றையும் காணவில்லை. சண்டைக்கு நாலு வரி, கடைக்கு ஒரு வரி. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

மகனுக்கு இரண்டு கதையையும் சொல்லுங்கள். ஒரே நாளில் வேண்டாம். சேர்த்துச் சொன்னால் பின்னது முன்னதுக்குள் ஒளித்துக்கொள்ளும்.

அதுசரி, மனைவி ஏன் சிரிக்கிறா என்று அவவிடம் கேட்டீர்களா?