சைலன்சர் யார் பெயரில் இருக்க வேண்டும்? தனிப் பெயரா, டிரஸ்டா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கன், இயந்திரத் துப்பாக்கி ஆகியவற்றை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் தனி வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஓர் உடைமையாளரின் பெயரில் மத்திய அரசின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்று விதிக்கிறது. அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டுமா, நீங்கள் நிறுவும் டிரஸ்டினுடையதாக (பயனாளிகளுக்காகச் சொத்தை நிர்வகிக்கும் சட்ட அமைப்பு) இருக்க வேண்டுமா என்பதைத்தான் இம்முறை வந்த கடிதங்கள் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிய தமிழர்கள் என்பதால், விசா பற்றிய கேள்விக்குச் சற்றுக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2026 ஜனவரி முதல் சைலன்சருக்கான 200 டாலர் வரி நீங்கிவிட்டது. இனியும் டிரஸ்ட் தேவைதானா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: நீங்கியது வரி மட்டுமே. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் வரியைப் பூஜ்யமாக்கியது. பதிவு, கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, ஒப்புதல் வரும்வரை காத்திருத்தல் ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கின்றன. இயந்திரத் துப்பாக்கிக்கு அந்த 200 டாலரும் இன்றுவரை உண்டு.

உங்கள் கேள்விக்குப் பின்னால் பழைய நினைவு ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. 2016-க்கு முன்பு, தனிப் பெயரில் விண்ணப்பிப்பவர் உள்ளூர்க் காவல்துறைத் தலைவரின் கையொப்பத்தைப் பெற்றாக வேண்டும். சில ஊர்களில் அந்த அதிகாரி கையெழுத்திடவே மாட்டார் என்பதால் வழி அடைபட்டுப் போகும். டிரஸ்டுக்கு அந்தக் கையொப்பமும் வேண்டியதில்லை, கைரேகையும் வேண்டியதில்லை. அதனாலேயே பலர் டிரஸ்டைக் குறுக்கு வழியாகக் கருதினார்கள். 2016 ஜூலை 13 அன்று நடைமுறைக்கு வந்த 41எஃப் விதி இரண்டையும் சமமாக்கிவிட்டது: காவல்துறைக்கு இப்போது தகவல் அனுப்பினால் போதும், ஆனால் டிரஸ்டி போன்ற டிரஸ்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தமக்குரிய படிவத்தையும் கைரேகை அட்டைகளையும் புகைப்படத்தையும் தர வேண்டும். ஆக, காகித வேலையைக் குறைப்பதற்காக இன்று யாரும் டிரஸ்ட் அமைக்க வேண்டியதில்லை. உண்மையில் தனிப் பெயர்தான் எளிது. டிரஸ்ட் தேவையா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: உங்கள் பெட்டகத்தை வேறு யாரால் திறக்க முடியும்? நீங்கள் இல்லாத நாளில் அது யார் கைக்குப் போகும்? தனியாக வாழ்பவர், பெட்டகத்தின் எண்ணை யாரிடமும் சொல்லாதவர் என்றால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: சைலன்சர் என் பெயரில் இருக்கிறது. பெட்டகத்தின் ரகசிய எண் மனைவிக்கும் தெரியும். கணவன் மனைவிக்குள் இதுவும் குற்றமா? (அட்லாண்டா வாசகர்)

பதில்: குற்றமாகக் கருதப்பட வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் நேர்மையான பதில். தம் பெயரில் பதிவாகாத ஒன்றை வைத்திருப்பவர் குற்றவாளி என்கிறது சட்டம். கணவன் மனைவிக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. 'வைத்திருத்தல்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் கையில் பிடித்திருப்பது என்ற அளவில் மட்டும் பார்ப்பதில்லை. நினைத்தபோது எடுத்துக்கொள்ளும் ஆற்றலும், அதைத் தன் ஆளுகையில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் ஒருவருக்கு இருந்தால், பொருள் நான்கு சுவருக்கு அப்பால் இருந்தாலும் அது அவர் வசம் இருப்பதாகவே கொள்ளலாம். எண் தெரிந்திருப்பது மட்டுமே எண்ணத்தை மெய்ப்பித்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அதை வழக்கறிஞர் மூலம் வாதாடி நிறுவ வேண்டிய நிலைக்கு உங்கள் மனைவியை ஏன் கொண்டுபோக வேண்டும்? இந்தச் சட்டத்தின் கீழ் உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை.

நீங்கள் உடனிருக்கும்போது, உங்கள் கண் முன்னால், சுடுதளத்தில் அவர் அதைப் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. நீங்கள் வேலை நிமித்தம் சிகாகோவுக்குப் போயிருக்கும் ஒரு வாரத்தில் அவர் அதை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போவதுதான் சிக்கல்.

இரண்டு வழிகள் உண்டு. சைலன்சரை மட்டும் தனிப் பெட்டியில் பூட்டி, அதன் சாவியை நீங்களே வைத்துக்கொள்வது ஒன்று. டிரஸ்ட் அமைத்து மனைவியையும் டிரஸ்டியாக்கிவிடுவது மற்றொன்று. அப்போது அவர் உங்கள் அனுமதியில் அல்ல, தம் சொந்த உரிமையில் அதை எடுக்கிறார். மனைவிக்கும் சுடுதலில் ஆர்வம் இருந்தால் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் டிரஸ்டியாக இருந்து ஒப்புதல் பெற்று, பின்னர் அவரைச் சேர்த்துக்கொள்வதற்கும் இடம் உண்டு; நடுவில் சேர்ப்பவருக்காகப் புதுப் படிவம் கேட்கப்படுவதில்லை. ஆனால் அடுத்த பொருளுக்கு விண்ணப்பிக்கும் அன்று அவருடைய கைரேகையும் சேர்ந்தே போக வேண்டும்.

கேள்வி: நான் குடியுரிமை பெற்றவன். என் தம்பி எச்-1பி விசாவில் எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கிறான். அவனுடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் மனு) ஏற்கப்பட்டுவிட்டது. அவனையும் டிரஸ்டியாகச் சேர்க்கலாமா? (டாலஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான்.

குடியேற்றம் அல்லாத விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 எல்லாம் இந்தத் தடைக்குள் வருபவை. ஐ-140 ஏற்கப்பட்டது வரிசையில் ஓர் இடம் கிடைத்தது போன்றது. அதனால் உங்கள் தம்பியின் நிலை மாறிவிடவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எத்தனை ஆண்டுகள் நீள்கிறது என்பதும், அத்தனை ஆண்டுகள் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவருக்கு 'நான் இந்த ஊர்க்காரன்தானே' என்ற எண்ணம் வந்துவிடுவதும் எனக்குத் தெரியும். ஆனால் கிரீன் கார்டு கிடைக்கும்வரை சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கிடைத்தபின் மத்திய அரசின் இந்தத் தடை அவருக்கு இல்லை.

விலக்கு ஒன்று உண்டு: ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவர் இந்தத் தடையிலிருந்து விலகுகிறார். இது ஏட்டளவிலான விதி அல்ல. பலர் முறைப்படி பயன்படுத்துவதுதான். ஆயினும் உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் முடிந்துவிடும். சாதாரண ரைஃபிள் வைத்திருப்பவர் அன்று அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட முடியும். டிரஸ்டியாக இருப்பவரோ பதவியிலிருந்து எழுத்துபூர்வமாக விலகும்வரை உரிமையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறார். உரிமத்தைப் புதுப்பிக்க மறந்துபோன ஒரு செப்டம்பர் மாதத்துக்காக, தடை செய்யப்பட்டவர் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் சாட்டப்படலாம்; 2022-க்குப் பிறகு அதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுகள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்படுவது நாடு கடத்தப்படுவதற்கும் போதுமான காரணம்.

எனவே தம்பியைப் பயனாளியாக மட்டும் எழுதுங்கள். எடுக்கவும் கொண்டுசெல்லவும் கைமாற்றவும் அதிகாரம் இல்லாத பயனாளியை அரசு பொறுப்பாளராகக் கருதுவதில்லை. அவருடைய கைரேகையும் கேட்கப்படாது. வீட்டில் உள்ள பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அது அவர்மேல் உள்ள அவநம்பிக்கையால் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். டெலவேரில் டிரஸ்ட் பதிவு செய்து சைலன்சர் வாங்கலாம் என்கிறார் நண்பர். (எடிசன் வாசகர்)

பதில்: முடியாது. மாநிலம் தடை செய்த பொருளை டிரஸ்ட் சட்டபூர்வமாக்காது. நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதே கணக்கு. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய், மாசசூசெட்ஸ், ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகியவற்றோடு, நண்பர் சொல்லும் டெலவேரும் சைலன்சருக்கு இடம் தராத மாநிலம்தான்.

கேள்வி: என் ரைஃபிளைக் குறுங்குழல் ரைஃபிளாக மாற்றப் படிவம் 1-இல் விண்ணப்பிக்கிறேன். டிரஸ்டின் பெயரைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும் என்கிறார்களே? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: ஆம். அந்தத் துப்பாக்கியைச் 'செய்தவர்' டிரஸ்ட் என்பதால், அதன் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றைக் குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் உலோகத்தில் பொறிக்க வேண்டும். தனிப் பெயரில் விண்ணப்பித்தால், ஊர், மாநிலத்தோடு டிரஸ்டின் பெயருக்குப் பதில் உங்கள் பெயரைப் பொறிக்கலாம். இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் தாத்தாவின் பெயர், அப்பாவின் பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, 'ஃபேமிலி லிவிங் டிரஸ்ட்' என்று முடியும் ஐந்து சொல் பெயர் சூட்டியவர்கள், பொறிப்பவரின் மேசையில் அந்தச் சிறிய அலுமினியப் பரப்பைப் பார்த்துத் திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். டிரஸ்டுக்குப் பெயர் வைக்கும்போதே இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒப்புதல் வருமுன் குழலை மாற்றிவிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே என் பெயரில் இரண்டு சைலன்சர்கள் உள்ளன. டிரஸ்ட் அமைத்து, அதன் சொத்துப் பட்டியலில் அவற்றை எழுதிவிட்டேன். போதுமா? (சார்லட் வாசகர்)

பதில்: போதாது. பட்டியலில் எழுதியதால் பதிவேட்டில் பெயர் மாறுவதில்லை. உங்களிடமிருந்து உங்கள் டிரஸ்டுக்குப் போவதும் சட்டத்தின் கண்ணில் கைமாற்றம்தான். ஒவ்வொன்றுக்கும் படிவம் 4 அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். வரி இப்போது பூஜ்யம் என்பதால், தள்ளிப்போட்டு வந்தவர்கள் இதைச் செய்து முடிக்க நல்ல தருணம். ஒப்புதல் வரும்வரை உங்கள் மனைவி டிரஸ்டியாக இருந்தாலும் அந்த இரண்டின்மேல் அவருக்கு உரிமை இல்லை.

கேள்வி: எனக்கு 52 வயது. 9 வயதிலும் 14 வயதிலும் பிள்ளைகள். என்னிடம் 1986-க்கு முன்பு பதிவான இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. எனக்குப் பிறகு என்னவாகும்? (சான் அன்டோனியோ வாசகர்)

பதில்: 1986 மே 19-க்குப் பிறகு பொதுமக்களுக்காக இயந்திரத் துப்பாக்கி எதையும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது, அதனால் உங்களிடம் இருப்பது பல்லாயிரம் டாலர் மதிப்புள்ள குடும்பச் சொத்து. இந்த நிலையில் தனிப் பெயரை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

தனிப் பெயரில் இருந்தால், உயிலை நிறைவேற்றும் பொறுப்புள்ளவர் புரோபேட் (உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் நடைமுறை) நடக்கும் காலத்தில் அதைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டு, படிவம் 5 மூலம் வரியின்றி வாரிசின் பெயருக்கு மாற்றலாம். சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பொறுப்பாளர் துப்பாக்கிச் சட்டமே அறியாத ஒரு மைத்துனராகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். வாரிசுகளோ பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். டிரஸ்டில் இருந்தால், அடுத்த டிரஸ்டி யார் என்பதை நீங்களே இன்றே பெயரிட்டு எழுதுகிறீர்கள். அவர் புரோபேட்டுக்குக் காத்திராமல் பொறுப்பேற்பார். பிள்ளைகள் எந்த வயதில் அதைப் பெற வேண்டும், தகுதி இல்லாமல் போனால் விற்றுப் பணமாகக் கொடுக்க வேண்டுமா என்பதையும் ஆவணத்திலேயே சொல்லிவிடலாம். டிரஸ்டியும் பயனாளியும் நீங்கள் ஒருவரே என்று எழுதிவிடாதீர்கள்; அப்படிப்பட்ட டிரஸ்ட் செல்லாது. துப்பாக்கிகளுக்கென்றே அமைந்த டிரஸ்ட் ஆவணத்தை, உங்கள் மாநிலத்தின் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு கணவரை இழந்த ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, அலமாரியில் துணிப் பையில் சுற்றி வைத்த கறுப்புக் குழாய் ஒன்று கிடைத்திருக்கிறது, இதைக் குப்பையில் போடலாமா என்று கேட்டார். அது பதிவு செய்யப்பட்ட சைலன்சர். முத்திரை ஒட்டிய ஒப்புதல் படிவம் மூன்று வாரம் கழித்து, பழைய கார் காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவில் கிடைத்தது. அதுவரை அந்த வீட்டில் அவர் பட்ட பயத்தை அவர் குரலில் கேட்டிருக்கிறேன். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்றையும், டிரஸ்ட் ஆவணத்தின் நகல் ஒன்றையும், அழைக்க வேண்டியவரின் எண்ணையும் ஓர் உறையில் இட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அது அங்கே இருப்பதை இன்று இரவே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.