கேம் டிஸ்க்குகளை நம்பி மகளைப் படிக்க வைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீடு. இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை, கைக்கு வருவது மாதம் 58,000 ரூபாய். மகளுக்கு 3 வயது. கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கேம் ஆடியவன், சம்பளம் வந்த பிறகு சொந்தமாக வாங்க ஆரம்பித்தேன். இன்று சோனியின் பிளேஸ்டேஷன் எனும் பி.எஸ்.2 முதல் பி.எஸ்.5 வரை நான்கு கன்சோல்கள் (டி.வி.யில் இணைத்து ஆடும் கேம் பெட்டிகள்), 160 டிஸ்க்குகள். விமர்சகர்கள் கொண்டாடிய எதையும் விடுவதில்லை. 2014 முதல் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது பெற்றவற்றை வரிசையாகச் சேர்த்து வருகிறேன். இதற்கு மாதம் 5,500 ரூபாய் வரை ஆகிறது. மொத்தம் 4 லட்சம் பெறும் என்று எக்செல்லில் கணக்கு வைத்திருக்கிறேன், அதை இணைத்துள்ளேன். வங்கியில் 40,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. மாதம் 2,000, கிரெடிட் கார்டில் 46,000 பாக்கி. இரண்டு மாதமாக மினிமம் டியூ மட்டும்தான் கட்ட முடிந்தது. “இம்புட்டு டப்பாவையும் வச்சா பாப்பாவப் படிக்க வைக்கப் போறீக?” என்கிறார் என் மனைவி. அமெரிக்காவில் பழைய கேம்கள் கோடிக்கணக்கில் ஏலம் போனதாகப் படித்தேன். என் சேகரிப்பை முதலீடாகக் கருதலாமா? விற்றால் வரி உண்டா? இனி டிஸ்க் வாங்குவதா, டிஜிட்டலாக டவுன்லோடு செய்வதா? ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் கன்சோல் ஒன்றும் வாங்க ஆசை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை.

பதில்: உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. முடியாது என்பதுதான் அதற்குப் பதில். அதற்காக எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்லப் போவதில்லை, பயந்துவிடாதீர்கள்.

முதலில் கார்டு. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. மினிமம் டியூ மட்டும் கட்டினால் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீத வாக்கில் வட்டி ஓடும். 46,000-க்கு அது 1,610 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதம் 1,900. கையில் ஒரு டிஸ்க்கும் வராமல், மாதம் ஒரு தள்ளுபடி கேமின் விலையைத் தண்டம் கட்டுகிறீர்கள். அதே நேரத்தில் வங்கியில் 40,000 ரூபாய் சொற்ப வட்டிக்குத் தூங்குகிறது. அதில் 30,000 எடுத்து இன்றே கார்டில் கட்டுங்கள். இரண்டு மாதம் புதிதாக எதுவும் வாங்காவிட்டால் இன்னொரு 11,000 கிடைக்கும். மீதி ஐயாயிரமும் இடையில் ஏறும் வட்டியும் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன.

எங்கே என்கிறீர்களா? உங்கள் எக்செல்லை வரி வரியாகப் பார்த்தேன். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ மூன்று இடத்தில் இருக்கிறது: 2013-இல் வந்த பி.எஸ்.3 டிஸ்க், 2014-இல் பி.எஸ்.4-க்காக மெருகேற்றிய ரீமாஸ்டர், 2022-இல் பி.எஸ்.5-க்காகப் புதிதாகச் செய்த பதிப்பு. ஒரே கதையை மூன்று முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். கடைசிப் பதிப்பு மட்டும் 4,999. ‘தி விட்சர் 3’ இரண்டு முறை இருக்கிறது. இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பி.எஸ்.4 டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு அந்த கேமின் பி.எஸ்.5 வடிவத்தை 2022 டிசம்பரில் இலவசமாகவே கொடுத்தார்கள். உங்களிடம் டிஸ்க் டிரைவ் உள்ள பி.எஸ்.5-தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு பி.எஸ்.5 டிஸ்க்கைத் தனியாக வாங்கியிருக்கிறீர்கள். இந்த மாதிரி இரட்டைகளை ஒன்று விடாமல் விற்றுவிடுங்கள்.

இனி அந்த 4 லட்சத்துக்கு வருவோம். உங்கள் பட்டியலில் இருப்பது ‘வாங்கிய விலை’. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘இன்றைக்கு மதுரையில் ஒருவர் என்ன தருவார்’ என்று எழுதிப் பாருங்கள். விருது வாங்கிய கேம் லட்சக்கணக்கில் அச்சாகும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் தேடி வந்து கூடுதல் விலை கொடுப்பார்கள்? பெரும்பாலான பி.எஸ்.4 டிஸ்க்குகள் நூறுகளில்தான் போகும். தெற்கு மாசி வீதியில் வாங்கிய சங்கிலியை விற்கப் போனால் செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. மட்டும்தான் போகும், தங்கத்துக்கு அன்றைய விலை கிடைத்துவிடும். டிஸ்க்கில் கிட்டத்தட்ட முழுவதுமே செய்கூலிதான்.

2016-இன் விருது கேமான ‘ஓவர்வாட்ச்’ டிஸ்க்குக்கு எதிரே 2,800 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். அது முழுக்க ஆன்லைனில் ஆடுவது. அசல் கேமின் சர்வர்களை 2022 அக்டோபரில் மூடிவிட்டு, அதன் இடத்தில் இரண்டாம் பாகத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடும்படி விட்டார்கள். டப்பா உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அதற்குள் இருந்த கேம்தான் உலகத்திலேயே இல்லை. அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் போடுங்கள்.

ஏலச் செய்தி பொய்யில்லை. 2021 ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’ பிரதி ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவ்வளவு விலை கேமுக்கு அல்ல, 1996-இல் ஒட்டிய சீல் பிரிக்காமல், தரச் சான்று வாங்கி வைத்திருந்த அந்த ஒரு பெட்டிக்கு. நீங்கள் பெட்டியைப் பிரித்து ஆடியவர். அதில் தப்பே இல்லை, ஆடத்தானே வாங்கினீர்கள்? அந்தச் சந்தை மட்டும் உங்களுடையது இல்லை.

எனவே இது முதலீடு அல்ல, செலவு. நல்ல செலவுதான் என்பது என் கருத்து. குடிக்கும் சூதுக்கும் போகிற காசைப் பார்த்துப் பழகிய எனக்கு, சனிக்கிழமை ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மனிதர் கேம் ஆடுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவுக்கு வரம்பு வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் ‘பிரிக்கவில்லை’ என்று குறித்தவை 38. சராசரியாக ஒன்றுக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் 1,140 மணி நேரம். (‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் ஆகும். அதுவும் உங்கள் வீட்டில் பிரிக்காமல்தான் இருக்கிறது.) மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில் வாரம் ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் 190 வாரம், மூன்றரை வருடத்துக்கு மேல். இன்றோடு வாங்குவதை நிறுத்தினாலும் அதுவரை உங்களுக்கு ஆட கேம் இருக்கிறது.

விருது கேம்களில் ஒரு வசதி, காத்திருந்தால் நஷ்டமில்லை. பி.எஸ்.5-இல் சோனியின் பெரிய கேம் வெளியாகும் நாளில் 5,000 ரூபாய் வாக்கில் இருக்கும். ஓரிரு வருடத்தில் பண்டிகைத் தள்ளுபடிகளில் பாதிக்கு வரும், சில சமயம் அதற்கும் கீழே. அதற்குள் பிழைகளையும் திருத்தியிருப்பார்கள்; தனியாக விற்ற விரிவாக்கங்களும் பல கேம்களில் ஒரே டிஸ்க்கில் சேர்ந்து வரும். முதல் நாளே வாங்குகிறவர்தான் அதிக விலைக்கு அரைகுறைச் சரக்கை வாங்குகிறார். நம் ஆட்கள் முதல் நாள் முதல் காட்சிக்குப் பழகியவர்கள், சொன்னால் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன்: எந்த விருது கேமையும் ஒரு வருடம் கழித்து வாங்குங்கள்.

கார்டு பாக்கி தீர்ந்ததும், கேமுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளத்தன்று 1,500 ரூபாய் அதற்குப் போகட்டும். பழைய டிஸ்க் விற்ற காசும் அதிலேயே சேரட்டும். அதில் இருப்பதைக் கொண்டு எதை வாங்கினாலும் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது, அதில் இல்லாததை நீங்களும் கேட்கக் கூடாது. கேமுக்குக் கார்டு வேண்டாம், ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யும் வேண்டாம். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி அதில் காணாமல் போயிருக்கும். பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் தனியாக வந்து நிற்கும்.

இதுவரை கேமுக்குப் போன 5,500-இல் மீதியாகும் 4,000-இல் பாதி மகளுக்கு. தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், பாப்பாவுக்கு நேரம் இருக்கிறது. 15 ஆண்டு கட்டினால் போதும், 21 ஆண்டில் முதிர்வு. மாதம் 2,000 கட்டி, 8.2% வட்டி அப்படியே நீடித்தால் சுமார் 11 லட்சம் சேரும். 18 வயதானதும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். இன்னொரு 2,000-ஐ ஆர்.டி.யில் போட்டு, கார்டுக்காகக் கரைத்த அவசர நிதியை மறுபடி கட்டுங்கள். வாடகை வீட்டில் ஒருவர் சம்பளத்தில் மூன்று பேர். ஒன்றரை லட்சமாவது கையில் வேண்டும். எஸ்.ஐ.பி.யைத் தொட வேண்டாம்.

நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு கோடிக்கு எடுங்கள். உங்கள் வயதில் பிரீமியத்தை மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு புது கேமின் விலையைத் தொடாது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

வரி பற்றிக் கவலை வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகாது. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை விதிவிலக்கு. கேம் டிஸ்க் அதில் வராது. ஆனால் வாங்கி விற்பதையே வாடிக்கையாக வைத்துக்கொண்டால் அது வியாபாரம், லாபத்தைக் கணக்கில் காட்ட வேண்டும்.

டிஸ்க்கா, டிஜிட்டலா என்றால், ஆயிரத்துக்கு மேல் போகும் எதையும் டிஸ்க்கில் வாங்குங்கள். டிஜிட்டலில் நீங்கள் வாங்குவது ஆடும் உரிமத்தை மட்டுமே. ஆடி முடித்து விற்கவும் முடியாது, நண்பருக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. தள்ளுபடியில் ஐந்நூறு, அறுநூறுக்கு வரும்போது டிஜிட்டல் பரவாயில்லை, திரும்ப வராத காசு என்று தெரிந்தே வாங்கலாம். டிஸ்க்குகளைப் பரணில் மட்டும் ஏற்றாதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மதுரை மே மாத வெயிலில், டப்பாவும் அட்டையும் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்விட்ச் விஷயம். நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு, கம்பெனி வாரண்டி இல்லை. 2017-இன் விருது கேம் ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ நிண்டெண்டோ கன்சோல்களில்தான் ஓடும் என்பதால் உங்கள் வரிசையில் ஓட்டை விழுந்திருப்பது புரிகிறது. நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் மற்றவை மாதிரி விலை இறங்குவதில்லை, ஆகவே நான் மேலே சொன்ன காத்திருக்கும் கணக்கு இதற்குப் பொருந்தாது. விலை இறங்காததால் ஆடி முடித்த கார்ட்ரிட்ஜையும் (ஸ்விட்ச்சில் டிஸ்க்குக்குப் பதில் வருவது) நல்ல விலைக்கு விற்கலாம். கார்டு பாக்கி பூஜ்யமாகி, கேம் கணக்கில் முழுத் தொகையும் சேர்ந்த பிறகு, செகண்ட் ஹேண்டில், நேரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.