போனைத் தட்டினால் சிறைக்கதவு திறக்குமா?

கேள்வி: எனக்கு 17 வயது. ஒரு வருடமாக மனித உரிமைக்காக வேலை செய்யும் இளைஞர் குழு ஒன்றில் இணையம் வழியாகச் சேர்ந்திருக்கிறேன். பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதியதற்காகச் சிறையில் இருப்பவர்களுக்காகக் கடிதம் எழுதுகிறோம், வரும் வீடியோக்களைச் சரிபார்க்கிறோம், செய்திகளைப் பகிர்கிறோம். “போனைத் தட்டினால் சிறைக்கதவு திறந்துவிடுமா?” என்று அண்ணன் கேலி செய்கிறான். ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வேன் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும் கொஞ்ச நாளாகத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் பார்த்த வீடியோதான் வருகிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

தொடரலாம். ஆனால் இப்போது செய்கிற மாதிரி அல்ல. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் உன் அண்ணனின் கேள்வி.

கேலியாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். 1973ல் பிரேசிலில் ராணுவ ஆட்சி, லூயிஸ் ரோசி என்ற பேராசிரியரைப் பிடித்து அடைத்தது. அவருக்காக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு ஓர் அவசர வேண்டுகோள் விடுத்தது. அந்த அமைப்பு அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. அவர் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் வெளிநாடுகளிலிருந்து கடிதம் எழுதினார்கள். அந்த வருடமே அவர் வெளியே வந்தார். ‘இந்த ஆளுக்கு என்ன ஆகிறது என்று வெளியே பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சிறையை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அவர் மேல் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். உங்கள் கடிதமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. தபாலில் வாரக்கணக்கில் ஆனது இப்போது ஒரு சாயங்காலத்தில் ஆகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. வந்ததைப் பகிர்வது மட்டுமே ஒரு குழுவின் வேலை என்றால் நான் உன் அண்ணன் பக்கம்தான் நிற்பேன். ஒரு குழுவின் பலத்தை அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காதே. யார் யார் என்ன வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்.

2019ல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் வனுவாட்டு என்ற தீவு நாட்டில் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் ஏறிவந்து எங்கள் மண்ணை விழுங்குகிறதே, பருவநிலை மாற்றத்தில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டால் என்ன? மாணவர்கள் போய் அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்பு கேட்டால்தான் அது கருத்துச் சொல்லும். அதனால் வனுவாட்டு அரசிடம் பேசினார்கள். அரசு முன்வந்தது. மற்ற கண்டங்களின் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் பெருந்தொற்று வந்து எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார வைத்தது. கடல் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகளின் பிள்ளைகள், உலகின் மறுமூலையில் இருந்தவர்களோடு திரை வழியே பேசிப் பேசித்தான் இதை நகர்த்த வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் பொதுச்சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலையில், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆறு வருடம்! இதை உன் அண்ணனிடம் சொல். அந்த ஆறு வருடத்தில் ஏதோ ஒரு ராத்திரி அவர்களையும் யாராவது ‘இதனால் என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டிருப்பார்கள்.

நீ வீடியோ சரிபார்ப்பதாக எழுதியிருந்தாய். அதைச் சாதாரணமாக நினைக்காதே. நான் இருந்த குழுவுக்கு ஒரு முறை, போராட்டக்காரர்களைத் தடியால் அடிக்கும் வீடியோ ஒன்று வந்தது. எல்லாரும் கொதித்துப்போய் உடனே பகிரலாம் என்றோம். ஒரே ஒரு பெண் பொறு என்றாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கடைப் பலகையில் என்ன எழுத்து, பின்னால் தெரியும் மலையின் முதுகு செயற்கைக்கோள் படத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக. கடைசியில் அடி நிஜம், ஊரும் வருடமும் வேறு என்று தெரிந்தது. நாங்கள் அவசரப்பட்டுப் போட்டிருந்தால், அடுத்த முறை உண்மையைச் சொன்னபோதும் எங்களை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இந்த வேலையைப் பழக்கவே 2016ல் ஆம்னெஸ்டி ஒரு திட்டம் தொடங்கியது. இப்படித் திரட்டும் ஆதாரத்தை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020ல் நெறிமுறையே வெளியிட்டிருக்கின்றன. உன் குழுவில் இதை யாரும் படிக்கவில்லை என்றால் நீ படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். அதைத் தள்ளிவிடாதே, அது அன்பிலிருந்து வருகிறது. 1989ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கருத்துச் சொல்லவும் ஒன்றுகூடவும் உரிமை உண்டு என்கிறது. அதே உடன்படிக்கைதான் அந்தரங்கத்துக்கும் உரிமை தருகிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள். மலாலா 2009ல் பள்ளிக்கூடம் போவதைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கியபோது குல் மகாய் என்ற புனைபெயரில்தான் எழுதினார். நீயும் உன் முழுப் பெயர், பள்ளி, வீடு எதையும் அங்கே காட்டாதே. குழு வேலைக்குத் தனி மின்னஞ்சல், தனி பாஸ்வேர்டு வைத்துக்கொள். ‘வீட்டில் சொல்லாதே’ என்று யாராவது தனியாகச் செய்தி அனுப்பினால், எவ்வளவு பெரிய போராளியாக இருந்தாலும் சரி, அன்றே அம்மாவிடம் சொல். குழு என்ன செய்கிறது என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தே காட்டு.

அப்புறம், உன் பாதுகாப்பைவிடவும் எனக்கு உறுத்துகிற விஷயம் பாதிக்கப்பட்டவர்களின் பாதுகாப்பு. ஒரு சிறுமியின் படத்தை முகத்தை மறைத்து நாங்கள் வெளியிட்டோம். பெரிய மனசோடு செய்ததாக நினைப்பு. பின்னால் கதவில் வீட்டு எண் பளிச்சென்று தெரிந்ததை எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம். அதற்குள் எத்தனை பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்களோ. அவளிடம் அனுமதி கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். யாருக்காகப் பேசுகிறாயோ அவரிடம், முடியாவிட்டால் அவர் குடும்பத்திடமோ வழக்கறிஞரிடமோ கேட்காமல் ஒன்றையும் வெளியே விடாதே.

இனி உன் தூக்கம். கொடுமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களின் மனசு அடிபடும். அது பலவீனம் இல்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் சில பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். முதல் முறை சத்தம் இல்லாமல் பார்ப்பார்கள், ஏனென்றால் அலறல்தான் மனசில் அதிகம் தங்கும். திரையைச் சின்னதாக்கிக்கொள்வார்கள். படுக்கப் போகும் முன் பார்க்க மாட்டார்கள். தனியாகவும் பார்க்க மாட்டார்கள். நீ இன்னும் ஒருபடி மேலே போ: இப்போதைக்கு வீடியோ வேலையை வயதில் மூத்தவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடித வேலையை மட்டும் வைத்துக்கொள். குழுவில் வெளிப்படையாகச் சொல், ‘எனக்கு முடியவில்லை’ என்று. நல்ல குழு என்றால் உடனே இன்னொருவர் கை தூக்குவார். யாரும் தூக்கவில்லை, உன்னைக் குற்றவாளி போலப் பார்க்கிறார்கள் என்றால் வேறு குழு தேடு. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால் அம்மாவோடு போய் மனநல ஆலோசகரைப் பார்.

இன்றிரவு போனை உன் அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படு. நாளைக்கு நீ எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் அண்ணனிடம் கொடு. கைதியின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டிய கோப்பில் சேராது.