முன்னாள் மாணவர் நேர்காணல்

கேள்வி: அமெரிக்காவில் நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களைத் தன்னார்வலராக நேர்காண்பது எப்படி?

பதில்: முன்னாள் மாணவர் தளத்தில் பதிவு செய்து, பயிற்சியை முடியுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில், இப்படி நேர்காண்பவர்களை ‘எஜுகேஷனல் கவுன்சலர்’ என்பார்கள். உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டில் பொதுவாக விலகியிருக்க வேண்டும். சந்திப்புக்கு 30 முதல் 60 நிமிடம் போதும். வீட்டில் வேண்டாம், நூலகம் நல்லது. மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்.

பலர் சறுக்குவது, சந்திப்புக்குப் பிறகு சேர்க்கைக் குழுவுக்கு எழுதும் அறிக்கையில்தான். ‘புத்திசாலி, நல்ல பையன்’ என்று எழுதினால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை; மதிப்பெண் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. ‘பழைய ரேடியோவில் எந்தக் கம்பி அறுந்திருந்தது என்று மேசைமேல் விரலால் வரைந்து காட்டினாள்’ என்று எழுதுங்கள். அதையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் அவள் சொன்ன வார்த்தைகள் நினைவில் நிற்காது. இடம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.