தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது தசைப் பயிற்சியில் சேருமா?

கேள்வி: எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கிறேன். திங்களும் வியாழனும் யோகா வகுப்பு. முழு உடல் பரிசோதனைக்குப் போனபோது படிவத்தில் ‘தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள்?’ என்று கேட்டிருந்தார்கள். 7 என்று எழுதினேன். நர்ஸ் அதை அடித்துவிட்டு 0 என்று போட்டார். எது சரி? மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் தம்பி இதற்கு என்ன எழுத வேண்டும்?

பதில்: ஐயா, 7 நிச்சயமாகத் தவறு. 0 என்றும் கேட்காமல் முடிவு கட்ட முடியாது. உங்கள் யோகா வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து 0, 1, 2 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் தசைக் கேள்வியில் அது சேராது. நடை, ஓட்டம், சைக்கிள் மூன்றையும் தவிர்த்துவிட்டுத்தான் எண்ணவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது 2 நாள் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வேலை தரும் பயிற்சி.

‘எத்தனை நாள்?’ என்ற ஒற்றைக் கேள்வியில்தான் சிக்கல். தசைப் பயிற்சிக்கென்றே உருவாக்கிச் சோதித்த எம்.எஸ்.இ.க்யூ. (தசை வலுப்படுத்தும் பயிற்சி வினாத்தாள்) போன்றவை இன்னும் துருவிக் கேட்கும்: என்ன வகைப் பயிற்சி, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமப்பட்டுச் செய்தீர்கள், எந்தெந்தத் தசைகள். ‘சோதித்த’ என்றால், ஒரே ஆளிடம் சில நாள் கழித்துத் திரும்பக் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே பதில் வருகிறதா, அவர் அன்றன்று எழுதிவைத்த குறிப்போடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கையில் கட்டும் கருவி காலடியை நன்றாக எண்ணும். நின்ற இடத்தில் செய்யும் தண்டாலையும் எடை தூக்குவதையும் சரியாகப் பிடிக்காது. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் யோகா வகுப்புக்கு வருவோம். மூச்சுப் பயிற்சி, தியானம், சவாசனம் இவற்றை முதலில் கழித்துவிடுங்கள். சூரிய நமஸ்காரம், உத்கடாசனம், வீரபத்ராசனம், புஜங்காசனம் போன்ற, தசைக்கு வேலை தரும் ஆசனங்களில் எவ்வளவு நேரம் போகிறது? ஒரு மணி நேர வகுப்பில் அது 20 நிமிடம் என்றால், நேரம் என்ற இடத்தில் 20 என்றே எழுதுங்கள். பத்துக்கு எத்தனை சிரமம் என்று கேட்டால் 5, 6 மிதமானது. 7, 8 கடினமானது. கடைசி முறை செய்து முடித்ததும் இன்னும் பத்து முறை தாராளமாகச் செய்யலாம் என்று தோன்றினால் அது லேசான பயிற்சிதான். பிறகு கால், இடுப்பு, முதுகு, வயிறு, மார்பு, தோள், கை என ஏழையும் விரல்விட்டுப் பாருங்கள். மார்போ கையோ விடுபட்டிருந்தால், சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் காலையும் மாலையும் செய்தாலும் ஒரு நாள்தான்.

கேள்வி எந்த வாரத்தைக் குறிக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘கடந்த 7 நாள்’ என்றிருந்தால், சித்திரைத் திருவிழாவில் வகுப்பே நடக்காத வாரமானாலும் உள்ளதை எழுதவேண்டும். ‘வழக்கமான வாரம்’ என்றிருந்தால் அந்த வாரத்தை விட்டுவிடலாம். மனசு எப்போதும் நன்றாகச் செய்த வாரத்தைத்தான் எடுத்துக்கொடுக்கும். டாக்டர் முன்னால் கூட்டிச் சொல்லவும் தோன்றும். இரண்டு வாரம் தினசரி காலண்டர் தாளில் நிமிடமும் தசையும் குறித்துவைத்தால் இந்தக் கோளாறு பெருமளவு அடங்கிவிடும்.

உங்கள் தம்பியின் மூட்டை தூக்கும் வேலை கடுமையான உழைப்பு, சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஜி.பி.ஏ.க்யூ. (உலகளாவிய உடலுழைப்பு வினாத்தாள்) படிவத்தில் ‘வேலையில் கடின உழைப்பு’ என்ற பகுதியில் நாளும் நேரமும் எழுதவேண்டியது அதுதான். ‘உடற்பயிற்சி’ என்று தனியாகக் கேட்கும் இடத்தில் அதைப் போடக்கூடாது. ஒரே பக்கத் தோளிலும் முதுகிலும் பாரம் விழுகிற வேலை, எல்லாத் தசைக்கும் சீரான பயிற்சி ஆகிவிடாது.

வினாத்தாள் பழக்கத்தை மட்டுமே சொல்லும், பலத்தைச் சொல்லாது. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், 2019-இல் ஆசியர்களுக்கென வகுத்த அளவுகோலின்படி, தசை இழப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். முட்டி வலி இருந்தாலும் நேரம் கூடும். அதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் விழித்திரையில் சர்க்கரை பாதிப்பு இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தால், மூச்சைப் பிடித்து எடை தூக்கும் பயிற்சியைக் கண் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம்.