விளம்பரத்தை மறைப்பது வேறு, ஆளை மறைப்பது வேறு: கேள்வி பதில்

கொழும்பிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பதிலுக்கு முன் ஒன்று: விளம்பரத்தை மறைப்பது ஒரு வேலை, நம்மைப் பின்தொடர்வதை நிறுத்துவது இன்னொரு வேலை, தடைசெய்த தளத்துக்குள் போவது மூன்றாவது வேலை. ஒன்றுக்கான கருவியை மற்றதுக்குப் போட்டுவிட்டு "வேலை செய்யுதில்லை" என்று கேட்டவர்கள்தான் பாதிப்பேர்.

தெஹிவளை: அண்ணா, குரோமில் விளம்பரத்தை மறிக்கும் யூபிளாக் ஒரிஜின் போட்டிருந்தேன். ஒருநாள் தானாக நின்றுவிட்டது. திரும்பப் போடவும் விடுதில்லை.

உங்கள் கணினியில் பிழை இல்லை, தம்பி. நீட்சிகள், அதாவது யூபிளாக் மாதிரிப் பிரவுசரோடு சேர்த்துப் போடும் சின்னச் செயலிகள், இயங்கும் முறையைக் கூகுள் மாற்றிவிட்டது. முன்பு நீட்சி ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து, விடுவதா மறிப்பதா என்று அந்த நேரத்திலேயே முடிவெடுக்கும். மானிஃபெஸ்ட் 3 என்ற புதிய முறையில் விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறிப்பதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பழைய முறை நீட்சிகளை 2024 ஒக்டோபரிலிருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கி, 2025 நடுப்பகுதிக்குள் முழுதாக எடுத்துவிட்டார்கள்.

குரோமை விட ஏலாது என்றால் யூபிளாக் ஒரிஜின் லைட் போடுங்கள். போட்டபின் அதன் சின்னத்தை அழுத்தி, வடிகட்டும் மட்டத்தைக் "கம்ப்ளீட்" வரை உயர்த்துங்கள். சாதாரணத் தளங்களுக்கு அது போதும். முழு யூபிளாக் ஒரிஜின் வேண்டுமென்றால் ஃபயர்ஃபொக்ஸ். அண்ட்ரொயிட் போனிலுள்ள ஃபயர்ஃபொக்ஸிலும் அது ஓடும். ஐபோன் ஃபயர்ஃபொக்ஸில் நீட்சிகளே கிடையாது.

பெயரையும் கவனியுங்கள். "யூபிளாக்" என்று மட்டும் இருப்பது வேறொருவரின் சரக்கு. "ஒரிஜின்" என்ற சொல்லும், ஆக்கியவர் பெயராக ரேமண்ட் ஹில்லும் இருக்க வேண்டும்.

அதே ஆள்: ஃபயர்ஃபொக்ஸ் போட்டுவிட்டேன். ஆங்கிலத் தளங்கள் துப்புரவு. தமிழ்ச் செய்தித் தளங்களில் மட்டும் இன்னும் பெட்டி பெட்டியாக வருகுது.

உங்கள் பிரவுசர் மொழி ஆங்கிலமாக இருக்கும். அப்படியானால் நம் பக்கத்துக்கான பட்டியல் தானாகச் சேராது. யூபிளாக்கின் டாஷ்போர்டில் "ஃபில்டர் லிஸ்ட்ஸ்" பகுதிக்குப் போய் "ரீஜன்ஸ்" என்பதை விரியுங்கள். இந்தியா, இலங்கை, நேபாளக் கொடிகளோடு "இந்தியன்லிஸ்ட்" என்று ஒன்று இருக்கும். அதில் புள்ளடி போட்டு, மேலே "அப்ளை சேஞ்சஸ்" அழுத்துங்கள். இந்த அழுத்தலைத்தான் பலபேர் மறந்துவிடுகிறார்கள். அங்கேயே "குக்கி நோட்டீசஸ்" பட்டியலையும் சேர்த்தால், ஐரோப்பியச் சட்டத்துக்காக வரும் "குக்கியை ஏற்கிறீர்களா" தொல்லையும் போகும்.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் அந்தத் தளமே தன் சர்வரில் ஏற்றிவைத்த படம்: நகைக்கடை, கல்யாண மண்டபம், மரண அறிவித்தல். வெளியிலிருந்து வராததைப் பட்டியல்கள் பெரும்பாலும் பிடிக்காது. அதன்மேல் வலது கிளிக் செய்து "பிளொக் எலிமென்ட்" கொடுத்து நீங்களே மறைக்கலாம். மரண அறிவித்தலை மறைத்துவிட்டு ஊரில் யார் செத்தார் என்று தெரியவில்லை என்று பிறகு என்னிடம் கேட்கக்கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு தடுப்பான் வைக்காதீர்கள். ஒன்று விட்டுக்கொடுக்கும் இடத்தில் மற்றது போய் மறிக்கும். "அட் பிளாக்கரை நிறுத்து" என்ற பலகை அதிகம் வருவது அப்போதுதான்.

வெள்ளவத்தை: தம்பி, நான் ஒண்டும் திறக்காமலே போனுக்கு மேல விளம்பரம் வந்து நிக்குது. வைரசோ?

அநேகமாக வைரஸ் இல்லை, அக்கா. இரண்டு வழியால் வரலாம். ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டபோது "அலவ்" அழுத்தியிருப்பீர்கள். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத பெயர் எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள்.

முழுத்திரைக்கு வந்தால் அது ஒரு ஆப்பின் வேலை. விளம்பரம் திரையில் நிற்கும்போதே, அதை மூடாமல், அண்மைய ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அந்த அட்டையின் தலைப்பில் எந்த ஆப் என்று தெரியும். டோர்ச், கியூஆர் ஸ்கேனர், கோப்புச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் ஆப்கள்தான் வழமையான சந்தேக நபர்கள். எடுத்துவிடுங்கள். எடுக்க விடாவிட்டால் அதற்கிருக்கும் "டிவைஸ் அட்மின்" அனுமதியை முதலில் நீக்க வேண்டும்.

வத்தளை: போன் முழுக்க விளம்பரம் நிற்க வேண்டும். பிரைவேட் டிஎன்எஸ் இல் 94.140.14.14 என்று போட்டேன், சேவ் ஆகுதில்லை.

ஆகாது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். அந்த இடத்தில் எண் போட முடியாது, பெயர்தான் போட வேண்டும். அண்ட்ரொயிட் 9 இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இந்த வசதி உண்டு. சாம்சுங்கில் கனெக்ஷன்ஸ், மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ், பிரைவேட் டிஎன்எஸ். அதில் ஆட்கார்ட் என்ற, விளம்பரம் மறிக்கும் டிஎன்எஸ் சேவையின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இப்படி: டிஎன்எஸ், புள்ளி, ஆட்கார்ட், இடைக்கோடு, டிஎன்எஸ், புள்ளி, கொம். நீங்கள் போட்ட எண்ணும் அதே ஆட்கார்டுடையதுதான்; அதை ரவுட்டரிலோ கணினியிலோ போடலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தோற்கும் என்பதும் தெரியும். ஆப் ஒன்று விளம்பர சர்வரின் முகவரியைக் கேட்கும்போது "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் போகிறது, அவ்வளவுதான். யூடியூபில் வீடியோவும் விளம்பரமும் ஒரே வாசலால் வருகின்றன. வாசலைப் பூட்டினால் வீடியோவும் வராது. ஆகவே யூடியூப், பேஸ்புக் விளம்பரத்தை டிஎன்எஸ் நிறுத்தாது. டீவியில் இதை டிஎன்எஸ்ஸால் நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கரைச்சல்: சில கடைகள், ஹோட்டல்களின் வைஃபையில் பிரைவேட் டிஎன்எஸ் போகும் வழியான 853 ஆம் போர்ட்டை அடைத்திருப்பார்கள். வைஃபை பிடித்தும் இன்டர்நெட் வராது. அங்கே மட்டும் "ஓட்டோமெட்டிக்" க்கு மாற்றுங்கள்.

பம்பலப்பிட்டி: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், வீடு முழுக்க விளம்பரத்தை மறிக்கும் டிஎன்எஸ் ஆகப் பை-ஹோல் ஓட விட்டிருக்கிறேன். கணினியில் நிற்கிறது, போன்களில் பாதி விளம்பரம் வருகிறது. கரண்ட் போய் வந்தால் வீடு முழுக்க இன்டர்நெட் இல்லை.

இரண்டு பிரச்சினை. போனில் வருவதற்கு முதலில் ஐபிவி6 ஐ, அதாவது புதிய வகை இணைய முகவரியைப் பாருங்கள். ஃபைபர் ரவுட்டர் தன் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியையும் எல்லாச் சாதனங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். போன் அந்தப் பக்கத்தால் பையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்துங்கள் அல்லது பையின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள். நிறுவனம் தந்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றும் இடமே பூட்டியிருந்தால், சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு பை-ஹோலின் டிஎச்சிபியைப் போடுங்கள். பைக்கு நிலையான முகவரி கொடுத்தபின் இதைச் செய்யுங்கள். மாறிச் செய்தால் நீங்களே வெளியில் நிற்பீர்கள்.

அடுத்து, "பாதுகாப்புக்கு" என்று இரண்டாவது டிஎன்எஸ் ஆகக் கூகுளின் 8.8.8.8 போட்டிருக்கிறீர்களா? எடுங்கள். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்பது உண்மையில்லை. சாதனங்கள் நினைத்தபடி இரண்டையும் கேட்கும். போனில் பிரைவேட் டிஎன்எஸ் பெயர் போட்டிருந்தாலும் பை-ஹோலுக்கு அந்தப் போன் தெரியாது.

இனிக் கரண்ட். ராஸ்பெரி பையின் பெரும்பாலான மாதிரிகளில் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் மணிக்கூடு இல்லை. பை ஒருநாள் இரண்டு நாள் நின்றுவிட்டு எழும்பினால், நின்ற நேரத்தையே இப்போதைய நேரம் என்று நினைக்கும். டிஎன்எஸ் பதில் போலியா என்று அதன் மின்கையெழுத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு போட்டிருந்தால், இன்றைய கையெழுத்தைப் பார்த்து "இது இன்னும் தொடங்கவில்லை" என்று தள்ளிவிடும். நேரத்தைத் திருத்தலாமென்றால் நேர சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு நேரம் வேண்டும். நேர சர்வரைப் பெயராகக் கொடுக்காமல் ஐபி எண்ணாகக் கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும். திடீரென்று கரண்ட் போவதால் மைக்ரோ எஸ்டி கார்டும் பழுதாகும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று எல்லோரும் வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் வெளியீடு இருந்தால், திரை இல்லாத பையை அதிலேயே கொழுவலாம்.

கொட்டாஞ்சேனை: அண்ணே, யூடியூப் பேக்கேஜ் போட்டிருக்கேங்க. விபிஎன் போட்டதுல இருந்து மத்த டேட்டா மூணு நாள்ல முடியுது. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றவில்லை. இணைப்புத் தொடங்கும்போது நீங்கள் போகும் தளத்தின் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே போகும். அதைப் பார்த்துத்தான் "இது யூடியூப், அந்தக் கணக்கில் கழி" என்று வலையமைப்பு முடிவெடுக்கிறது. விபிஎன் என்பது எல்லாவற்றையும் மூடி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் கருவி; அதைப் போட்டால் அவர்களுக்குத் தெரிவது ஒரு விபிஎன் சர்வர் மட்டும். ஆகவே பொது டேட்டாவில் கழிகிறது. பிரைவேட் டிஎன்எஸ் பொதுவாக இந்தக் கணக்கைக் குழப்பாது.

இதிலேயே இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது: பிரவுசரின் இன்கொக்னிட்டோவில் போனால் இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரியும். அது உங்கள் போனிலுள்ள வரலாற்றை மட்டும் வைக்காமல் விடுகிறது.

கல்கிசை: இலவச விபிஎன் பாவிக்கலாமா? சட்டப்படி பிரச்சினை வருமா?

விபிஎன் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அதற்குள் இருந்துகொண்டு செய்வது குற்றமென்றால் அது வேறு கதை. 2018 திகன கலவரம், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2022 ஏப்ரல் 3 என்று சமூக ஊடகங்களை மறித்த ஒவ்வொரு தடவையும் சனம் விபிஎன்னுக்குத்தான் ஓடியது. 2022 இல் மறித்தது பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளில். அன்றைக்கே அமைச்சர் ஒருவர் விபிஎன் இருக்கும்போது இப்படியான தடைகள் பயனற்றவை என்று எழுதினார். அதையும் அவர் விபிஎன்னால்தான் எழுதியிருக்க வேண்டும்.

இலவசம் என்றால் எதை விற்கிறார்கள் என்று பாருங்கள். பேஸ்புக் 2013 இல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், ஆட்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 இல் ஆப்பிள் அதை வெளியேற்ற வைத்தது. ஹோலா, பாவனையாளர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015 இல் வெளிவந்தது. புரோட்டன் விபிஎன்னின் இலவசத் திட்டத்துக்கு டேட்டா எல்லை இல்லை. வேகமும் நாட்டுத் தெரிவும் குறைவு. மறித்தபிறகு இறக்க முடியாமல் போகலாம், ஆகவே முன்னரே போட்டு வையுங்கள்.

வெள்ளவத்தை: தொடர்மாடி வாசலில் வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறார்கள். இலக்கம்தானே, என்ன ஆபத்து?

இலக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 92 என்றும் 545 என்றும் தொடங்கினால்: 1992, பெண், 45 ஆவது நாள், பெப்ரவரி 14. புதிய 12 இலக்கத்திலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நாலு இலக்கம். இனி அந்தக் கொப்பியின் ஒரு வரியைப் பாருங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், போகும் வீட்டு இலக்கம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எடுக்கிறவனுக்கு உங்களை நம்பவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கொப்பியோ வாசல் மேசையில் விரிந்து கிடக்கிறது. அடுத்து வருகிறவர் முன்னுக்கு வந்தவரின் வரியை வாசிக்கலாம்.

நிர்வாகக் குழுவிடம் கேட்கக்கூடியது இது: அட்டையைப் பார்க்கட்டும், இலக்கத்தை எழுத வேண்டாம், பெயரும் வீட்டு இலக்கமும் நேரமும் போதும். வரவேண்டியவரா என்பதை வீட்டுக்கு இன்டர்கொம் எடுத்துக் கேட்கலாம். பழைய கொப்பிகளைக் கடதாசிக்காரனுக்குப் போடாமல் கிழித்து அழிக்கட்டும். போட்டோகொப்பி கொடுக்கும் இடங்களில், படத்துக்குக் குறுக்கே "சிம் பதிவுக்கு மட்டும்" என்று திகதியோடு பேனையால் எழுதிக் கொடுங்கள்.

அப்படியென்றால் தரவுச் சட்டம் எதற்கு?

2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில் நிறைவேறியது. அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 யூலையில் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் வரவேண்டிய முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கையில் இருப்பது நல்ல சட்டம்: என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, பிழையைத் திருத்த, அழிக்கச் சொல்ல உரிமை, மீறினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டம். இதை 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தோடு குழப்ப வேண்டாம், அதுவும் 9 ஆம் இலக்கம்தான். அது நீங்கள் எழுதுவதைப் பற்றியது, உங்களைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பற்றியது அல்ல. எது விறுவிறென்று வந்தது, எது இழுபட்டது என்பதை நீங்களே பார்க்கலாம்.

வத்தளை மறுபடியும்: நீங்கள் சொன்ன பெயரைப் போட்டேன், எல்லாம் சரி. ஆனால் வங்கி ஆப் திறக்குதில்லை.

பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஒருதரம் "ஓட்டோமெட்டிக்" ஆக்கித் திறந்து பாருங்கள். அப்பவும் திறக்காவிட்டால் பழி இதில் இல்லை. திறந்தால், ஆப் உள்ளுக்குள் கூப்பிடும் ஏதோவொரு பாவனைக் கணக்கெடுக்கும் சர்வரை வடிகட்டி மறிக்கிறது, ஆப் அதன் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. ஆட்கார்டின் பொதுப் பெயரில் விதிவிலக்கு எழுத முடியாது. நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற இன்னொரு வடிகட்டும் டிஎன்எஸ் சேவையில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து, அது தரும் பெயரை அந்த இடத்தில் போடுங்கள். மாதம் 300,000 கேள்வி வரை வடிகட்டும். அதற்கு மேல் வடிகட்டாமல் வெறும் டிஎன்எஸ் ஆக ஓடும். வங்கி ஆப்பைத் திறந்து தோற்க விடுங்கள். உடனே கணக்கின் "லொக்ஸ்" பக்கத்தில் அந்த நிமிடத்தில் சிவப்பாக மறித்த பெயரைப் பாருங்கள். அதை "அலவ்லிஸ்ட்" இல் சேர்த்து, ஐந்து நிமிடம் விட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறவுங்கள். சில நேரம் ஒரு பெயரை விட்டதும் அடுத்தது மறிபடும். இரண்டு மூன்று தரம் இதையே செய்ய வேண்டிவரும்.